பத்து டஜன் பாவாடையும் இரண்டு வாசலும்

1. மெஷின் வந்து இறங்கியது

தையல் மெஷின் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது பாதித் தெரு கூடிவிட்டது. ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் புதுச் சாமான் எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அதனால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ரைஸ் மில்லுக்கு வந்த லாரியில், மூட்டைகளுக்கு நடுவில் மெஷினை நிற்கவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே வந்தேன். எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, வருஷம் சரியாக நினைவில் இல்லை. விக்கிரவாண்டி தாண்டும்போது பெய்த தூறலில் மெஷினுக்கு என் முந்தானையைப் போர்த்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நான் திண்டிவனத்தில் பாவாடை தைக்கிற ஷெட்டில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். சேலைக்குள் கட்டுகிற பாவாடை. கடையில் இன்ஸ்கர்ட் என்பார்கள். ஆறு துண்டை ஒன்றுசேர்த்து, மேலே நாடாப் பட்டி மடித்து, கீழே விளிம்பு அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு டஜன் முடிப்பேன். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான். பண்டல் சீட்டில் இருக்கும் நம்பரைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். ஆனால் நான் அடித்த தையலை ஏழு வருஷத்தில் ஒருவரும் பிரித்தது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் மில்லில் பாய்லர் வேலை கிடைத்தது. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு வந்து சேர வேண்டியதாயிற்று. வேலையை விட மனமில்லை. தினம் பஸ்ஸில் போய்வரவும் முடியாது. ஷெட்டு மாஸ்டர்தான் எங்களுக்குத் துணி வெட்டிக் கட்டிங் போடுகிறவர், முதலாளியும் அவரே. அவரிடம் போய், மெஷினை வீட்டுக்குக் கொடுங்கள், அங்கேயே தைத்து வாராவாரம் கொண்டுவந்து போடுகிறேன் என்று கேட்டேன்.

மாஸ்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"வூட்டுக்கு மெஷின் குடுத்து எவளும் உருப்படியா தெச்சிக் குடுத்தது கெடையாதும்மா. நீ கேக்கறன்னுதான் பாக்கறேன். ஷெட்டுல வாரத்துக்குப் பன்னெண்டு டஜன் போடற. வூட்டுல பத்து போடு, போதும். ஆயுத பூசைக்குள்ள அது நெலையா வர்லன்னா, மெஷின ஷெட்டு பூசைக்கே கொண்ணாந்து எறக்கிடணும். இன்னா சொல்ற?"

"பத்து இன்னாங்க, பன்னெண்டே போடறேன்."

ஷெட்டில் என் பக்கத்து மெஷின் சரோஜா. என்னைவிட எட்டு வயசு சின்னவள், அப்போது நாலு மாசக் கர்ப்பம். ஏழாம் மாதத்துக்கு மேல் ஷெட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று அவள் புருஷன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவளும் மாஸ்டரிடம் மெஷின் கேட்டிருந்தாள். "மொதல்ல பூங்காவனம் போட்டுக் காட்டட்டும். அவ போட்டா உனக்கும் உண்டு. அவளாலயே ஆவலன்னா யாருக்கும் கெடையாது" என்று மாஸ்டர் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

லாரி ஏறும்போது சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, உன்ன நம்பித்தான் இருக்கறேன்."

"போடி. கண்ண மூடிக்கினு தெப்பேன்" என்றேன்.

மாமியார் மெஷினுக்கு ஆரத்தி எடுத்தார். சாமி படங்கள் மாட்டியிருந்த கிழக்குச் சுவர் ஓரமாக, படங்களுக்கு நேர் கீழே வைக்கச் சொன்னார். வீலுக்கும் பெட்டிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். "லட்சுமி வந்துருக்கா. சாமி காலடியிலயே இருக்கட்டும்." ஸ்டூல் ஷெட்டுடையது, கொடுக்கவில்லை. என் தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

2. ஏழு டஜன்

முதல் வாரம் விடியற்காலையே எழுந்தேன். சோறு வடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், பொழுது சாயும் வரை மெஷினிலேயே கிடந்தேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எண்ணினேன். ஏழு டஜன் இருந்தது.

மறுபடி எண்ணினேன். பெட்டிக்கு அடியில் தள்ளிப்போயிருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். ஏழுதான். ஷெட்டுக்கு ஒன்பது மணிக்குப் போய், மதியம் ஒரு மணி நேரம் கதை பேசி, ஐந்தரைக்கு எழுந்து வந்தவள் நான். அங்கே பன்னிரண்டு வந்தது. இங்கே அதைவிட அதிக நேரம் உட்கார்ந்தும் ஏழு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பாக்கி நேரம் எங்கே போயிற்று?

திண்டிவனத்தில் மாஸ்டர் பண்டலைப் பிரித்தார்.

"இன்னா பூங்காவனம், விழுப்புரம் காத்துல தூக்கம் நல்லா வருதா?"

"மொத வாரங்க. வூடு புதுசு."

"வூடு புதுசு, கை பழசுதான?"

சரோஜா தைத்துக்கொண்டே என் பண்டலைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கொன்றது.

அடுத்த வாரம் கவனித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா வந்தாள்.

"பூங்காவனம், ஜாக்கெட்டுக்கு ஒரு ஊக்கு வெச்சிக் குடேன்."

"கைல வேல இருக்குதுக்கா."

"ஒரு ஊக்குதானம்மா. நீ வூட்டுலதான இருக்கற?"

வைத்துக் கொடுத்தேன். அவள் போனதும் மாமியார் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "தோ, கொழம்ப ஒரு எட்டு பாத்துக்க. எங்க போற, வூட்டுலதான இருக்கற?" அதன் பிறகு மண்ணெண்ணெய் வண்டி வரும். ரேஷன் அட்டையோடு கண்ணம்மாவே மறுபடி வருவாள். "எனக்கும் சேத்து வாங்கி வை. நான் காட்டு வேலைக்குப் போறேன், நீ வூட்டுலதான."

யார் மேலும் தப்பில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் வேலையிலும் இருந்தேன். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கிறாள் என்று எனக்கே குழப்பமாக இருந்தபோது, அவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? அந்த வாரம் ஆறரை டஜன்.

3. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்

முதலில் மெஷின் மேல் சந்தேகம் வந்தது. லாரியில் ஆடி வந்ததில் எதுவோ கெட்டுவிட்டது என்று பெல்ட்டை மாற்றினேன். பிரித்துப் போட்டு ஆயில் விட்டேன். அப்புறம் நூல் மேல் சந்தேகம். அப்புறம் கண்ணம்மா கண் மேல். மாமியார் வீலில் எலுமிச்சம்பழம் கட்டினார். அது சுற்றிச் சுற்றி என் முழங்காலில் இடித்தது.

அப்புறம் நானே ஒரு யோசனை செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுந்திருப்பதால்தான் நேரம் போகிறது, எழுந்திருக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். ஷெட்டில் எங்கள் மெஷின்களில் பாபின் என்கிற அடிநூல் உருளைக்கு நூல் சுற்றுகிற ரப்பர் எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. கடைசி மெஷினில் மட்டும்தான் சுற்ற முடியும். பாபின் தீரும்போதெல்லாம் எழுந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். அங்கேதான் தண்ணீர்ப் பானையும் இருந்தது. இதெல்லாம் வீண் நடை என்று நாங்கள் மாஸ்டரை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறோம். வீட்டில் அந்தத் தொல்லை வேண்டாம் என்று புது ரப்பர் போட்டு, காலையிலேயே பன்னிரண்டு பாபின் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தண்ணீரும் குடிக்கவில்லை. அது வேறு விஷயம். எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. பொம்பளைகள் விடியும் முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை முள்ளுக்காட்டுப் பக்கம் போவோம். பகலில் போனால் மில் களத்தில் நெல் காயவைக்கிற ஆம்பளைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கரும்புக் கொல்லை மறைவு உண்டு. ஷெட்டில் எங்களுக்குக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று இருந்தது. வீட்டில் இருக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் காலையில் ஒரு சொம்பு குடிப்பேன். அதோடு சரி.

மூன்றாம் வாரம் எட்டு டஜன் வந்தது. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் நாலைந்து பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, பண்டலை என் பக்கம் தள்ளினார்.

"இன்னாம்மா இது? நாடாப் பட்டி பாம்பு மாதிரி போவுது. ஒரு டஜன் பிரிச்சித் தெச்சிக் குடு."

ஏழு வருஷம் ஒருவரும் பிரிக்காத தையல். ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் நானே உட்கார்ந்து பிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. பஞ்சுத் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

உடம்பும் ஏதேதோ செய்தது. கழுத்து திரும்பவில்லை. இடுப்பில் ஆணி அடித்த மாதிரி. சாயந்திரம் எழுந்து நின்றால் கால் இரண்டும் மரக்கட்டையாகிக் கிடக்கும். நீர் போகும்போது எரிந்தது. மாமியார் நிச்சயமாகச் சொன்னார்.

"மெஷின் சூடுடி இது. இரும்ப நாளெல்லாம் மிதிச்சா ஒடம்புல ஏறாதா?"

விளக்கெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயம் ஊறவைத்து மென்றேன். ஷெட்டிலும் இதே இரும்பைத்தானே மிதித்தேன், அங்கே ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

"அது திண்டிவனத்து இரும்பு" என்றார்.

அதே மெஷின்தான் அத்தை இது, என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கே எது நிஜம் என்று தெரியாமல் போயிருந்தது.

4. டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

ஆவணியில் ஒரு நாள் குளிர்க் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். காய்ச்சலுக்கு ஊசி போடுவார், வந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எங்கம்மா வேலை பாக்கற?"

"வூட்லதாங்க."

"வேலைக்குப் போறதில்லயா?"

"போறதில்லீங்க. வேல உண்டுங்க."

டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மேலே பார்த்தார். முன்னால் ஷெட்டிலும் இப்போது வீட்டிலும் நான் பாவாடை தைக்கிறதைச் சொன்னேன்.

"தண்ணி எவ்ளோ குடிக்கற?"

"காத்தால ஒரு சொம்பு."

"அப்பறம்?"

"பொழுது போயி குடிப்பேங்க."

"நடுவுல தாகம் எடுக்காதா?"

"எடுக்குங்க. அடக்கிக்குவேன்."

"ஏம்மா அடக்கற?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். சொன்னேன். நீர் எரிகிறதையும் சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி ஷெட்டுல இந்தத் தொந்தரவு வந்துச்சா?"

"வந்ததே இல்லீங்க."

"அங்க கக்கூஸ் இருந்துச்சா?"

"கதவு போட்டு இருந்துச்சிங்க."

"அவ்ளோதாம்மா. நீர்த்தார புண்ணாயி இருக்கு. மாத்திர தர்றேன். ஆனா தண்ணி குடிக்காம உக்காந்தா மறுபடியும் வரும். மணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணி குடி, நட. ஒரு மறைப்பு கட்டச் சொல்லு."

"மெஷின் சூடு இல்லீங்களா?"

"மெஷினுக்கு ஏதும்மா சூடு?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"இரு. கக்கூஸ் கட்டினா டஜன் ஏறுமா?"

"டாக்டரம்மா அப்டித்தான் சொல்றாங்க."

"நான் பாய்லருக்குத்தான் தண்ணி அளந்து உடுவேன். இது வேறயா" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் குழி வெட்டி, நாலு பக்கமும் கீற்று கட்டி, கதவுக்கு மில்லின் பழைய கோணிப்பையைத் தொங்கவிட்டார். அந்தத் தெருவில் அதுதான் முதல். ஒரு மாதத்துக்குள் கண்ணம்மா வீட்டிலும் கட்டினார்கள். மண்ணெண்ணெய் வாங்கிவைக்கச் சொன்ன அவளேதான் வந்து குழி அளவு கேட்டுப் போனாள்.

மணிக்கு ஒரு தரம் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. யோசித்துப் பார்த்தேன். பாபின் இருந்தது. பன்னிரண்டு பாபின் சுற்றி வைக்கிறதை விட்டேன். ஒன்று மட்டும் சுற்றிப் போடுவேன். தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். தண்ணீர்ப் பானையைக் கொல்லைக் கதவோரம் கொண்டுபோய் வைத்தேன். அரைச் சொம்பு குடித்து, கொல்லையில் ஒரு நடை நடந்து, வந்து அடுத்த பாபின் சுற்றுவேன். ஷெட்டில் நாங்கள் திட்டிய வீண் நடையை நானே என் வீட்டில் போட்டுக்கொண்டேன்.

எரிச்சல் நின்றது. கழுத்து வலி போகவில்லை. தையலும் கோணித்தான் போனது.

5. சரோஜா வந்து உட்கார்ந்தாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாவே பஸ் ஏறி வந்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாசம். வயிறு தெரிந்தது. மாமியார் கேழ்வரகுக் களி கொடுத்தார்.

"கேவுரு நல்லதும்மா, துன்னு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

தின்றுவிட்டுச் சரோஜா நேராக மெஷினுக்குப் போனாள். "எக்கா, ஒரே ஒரு தையல் அடிச்சிப் பாக்கறேன்" என்று தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து துணியை வைத்தாள். கொஞ்ச தூரம் ஓட்டினாள். நிறுத்தினாள். முகத்தைத் துணியோடு கொண்டுபோனாள்.

"எக்கா, ஊசியே தெரியலியே."

"இன்னாடி தெரியல?"

"எம் நெழலே எம் ஊசி மேல உழுது. வெளிச்சம் முதுவுக்குப் பின்னாடி இருக்குது பாரு. பெட்டி வேற குள்ளமா இருக்குது, தோள் மேல ஏறுது. ஷெட்டுல எல்லா மெஷினும் ஜன்னலப் பாத்துதான இருக்கும்?"

நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். வாசல் மேற்கே. வெளிச்சம் முதுகில். ஊசி இறங்குகிற இடம் முழுக்க என் தலை நிழல். இரண்டு மாதமாக அதன்மேல்தான் கவிழ்ந்து கிடந்திருக்கிறேன். சாமிக்கு நேராக வைத்த மெஷின் என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதை அடைத்து நெல் மூட்டை அடுக்கியிருந்தோம்.

"மெஷின ஜன்னல் பக்கம் நவுத்திடுக்கா" என்றாள் சரோஜா.

நான் மாமியாரைப் பார்த்தேன். சாமி காலடியில் வைத்த லட்சுமியை எடுத்து மூட்டை இருந்த இடத்தில் போடுகிறேன் என்று எந்த வாயால் கேட்பது? மாமியார் களிச் சட்டியை வைத்துக்கொண்டு படங்களையே பார்த்தார். அப்புறம் சரோஜா வயிற்றைப் பார்த்தார்.

"பத்து டஜன் வர்லன்னா மெஷின ஏத்திக்கினு பூடுவாங்களா?"

"ஆமாம் அத்த."

"இந்தப் புள்ளைக்கும் கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப இன்னா? மெஷினு சாமி காலடியில இருக்கணும். அவ்ளோதான? சாமிய ஜன்னலாண்ட மாட்டிட்டா போவுது. ஆணி அடிச்சா சாமி எங்க வேணா வரும். ஜன்னல் வருமா?"

அன்று சாயந்திரமே மூட்டையை நகர்த்தினோம். மாமியார் தானே ஆணி அடித்தார். தகரப் பெட்டிக்கு அடியில் நாலு மூலைக்கும் செங்கல் கொடுத்தோம். எலுமிச்சம்பழத்தைச் சரோஜா அவிழ்த்து வெளியே எறிந்தாள். மாமியார் அதையும் பார்த்தார். சுத்தியலை எடுத்து உள்ளே வைத்தார்.

6. முன்வாசலில் கிளம்பியது

தையல் நேராகிவிட்டது. ஆனால் எண்ணிக்கை எட்டரைக்கு மேல் ஏறவில்லை. ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது. சரோஜாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் நூல் தீர்ந்துபோய், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் முன்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்ட மனமில்லாமல் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப் பக்கம் வந்து, நேராக மெஷினில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அடுப்பு ஞாபகமும் வரவில்லை. மத்தியானம் தலை நிமிர்ந்து பார்த்தால் ஒரு டஜன் முடிந்திருந்தது.

எனக்குத் திகைப்பாக இருந்தது. மறுநாள் வழக்கம்போல அடுப்படியிலிருந்து எழுந்து மெஷினுக்குப் போனேன். மத்தியானத்துக்குள் ஐந்து பாவாடைதான். அதே கை. அதே மெஷின். அதே ஜன்னல். நேற்று என்ன இருந்தது, இன்று என்ன இல்லை? கேட்டுக்குப் போய் வந்ததுதான் இல்லை. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கு மறுநாள் தலை வாரி, நல்ல சேலை கட்டி, மதியச் சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஷெட்டுக்குப் போகிறபோது செய்கிற மாதிரியே.

"அத்த, போயிட்டு வர்றேன்."

"எங்கடி?"

"வேலைக்கு."

முன்வாசலில் இறங்கி ரயில்வே கேட் வரை நடந்தேன். போக வர அரை மணி நேரம். சந்தில் திரும்பிக் கொல்லை வழியாக உள்ளே வந்தேன். மாமியார் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாத்த மறந்துட்ட?"

"ஒண்ணும் மறக்கல. வேலைக்கு வந்துட்டேன்."

மாமியார் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நான் மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் கண்ணம்மா குரல் கேட்டது.

"பூங்காவனம் இல்ல?"

"அவ வேலைக்குப் போயிட்டாளே" என்றார் மாமியார்.

"உள்ள மெஷின் சத்தம் கேக்குதே?"

"மெஷின் சத்தம் கேக்குது. அவ வேலைக்குப் போயிட்டா."

"அப்ப யார் ஓட்றது?"

"பேஜார் பண்ணாத கண்ணம்மா. சாயங்காலம் வருவா, அப்ப வந்து கேளு."

எனக்குச் சிரிப்பில் கால் மிதியில் நிற்கவில்லை. மாமியார் சிரிக்கவே இல்லை. நான் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று அவர் நிஜமாகவே நம்பினாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சாயந்திரம் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போய், கேட் வரை நடந்து, முன்வாசல் வழியாக வந்தேன். "வந்துட்டியா" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அன்றைக்கு இருபத்திரண்டு பாவாடை. அப்புறம் நான் மெஷினைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பும் பிள்ளைகளும்தான். ராத்திரி இடுப்பு வலிக்கவில்லை.

எங்கள் தெருவில் எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

7. மாஸ்டருக்கும் புரியவில்லை

ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, பண்டலோடு திண்டிவனம் பஸ் ஏறினேன். முந்தின வாரம் பத்து டஜன் கொடுத்திருந்தேன். "இது நெலைக்குதா பாப்போம்" என்றிருந்தார் மாஸ்டர். ஷெட்டில் மெஷின்களை எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சரோஜாவுக்கு அது கடைசி நாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு தன் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

மாஸ்டர் எண்ணினார். பத்து டஜன், மேலே நாலு பாவாடை. உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார்.

"யாரக் கூட வெச்சித் தெச்ச?"

"நான் ஒருத்திதாங்க."

"எங்க ஒக்காந்து?"

"வூட்லதாங்க."

"மொத மாசம் ஏழு டஜன் போட்டியே, அது எங்க ஒக்காந்து?"

"அதுவும் வூட்லதாங்க."

"ஒண்ணும் புரியலியே."

"எனக்கும் புரியலீங்க."

மாஸ்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"சரோஜா, உம் மெஷினுக்குப் பொட்டு வெச்சி வை. பூசை முடிஞ்சதும் வூட்டுக்கு அனுப்பறேன். ஸ்டூலும் எடுத்துக்க."

"அப்ப எனக்கு ஸ்டூலு?" என்றேன்.

"உனக்குந்தாம்மா. எடுத்துக்கினு ஜல்தி கெளம்பு."

சரோஜா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். வரிசையாகச் சொல்லு என்றாள். சொன்னேன். ஜன்னலைப் பார்த்து மெஷினை வை. பாபினை ஒன்றுக்குமேல் சுற்றாதே. தீர்ந்தால் எழுந்து தண்ணீர் குடி. கொல்லையில் மறைப்புக் கட்டச் சொல். காலையில் முன்வாசலில் கிளம்பிக் கொல்லைப் பக்கமாக வேலைக்கு வா. எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில் முழித்தாள்.

"எக்கா, எங்க வூட்டுக்கு ஒரே வாசப்படிதானே?"

இதை நான் யோசிக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது.

"அதுலயே போ, அதுலயே வாடி. ஆனா நடுவுல நட" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதன் பிறகு இருபது வருஷத்துக்குமேல் வீட்டிலேயே தைத்தேன். தண்ணீரா, வெளிச்சமா, நடையா, "வேலைக்குப் போயிட்டா" என்று என் மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையா, எது என்னைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்திருக்கிறேன். எதை விட்டாலும் ஒன்று எண்ணிக்கை குறைந்தது, இல்லை உடம்பு வலித்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்கள், மெஷினோ கம்ப்யூட்டரோ, நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் இருப்பதும் வேலையில் இருப்பதும் ஒன்றில்லை. அதை மற்றவர்கள் ஒத்துக்கொள்கிற முன்னால் உங்கள் காலுக்கும் கண்ணுக்கும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். தாகத்தை அடக்கிச் சம்பாதிக்கிற நேரம் நேரமே இல்லை.

சரோஜாவுக்குப் பெண் பிறந்தது. சித்திரையில் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரோஜா இருக்காளா?" என்றேன்.

"இல்லியேம்மா. வேலைக்குப் போயிருக்கா."

சரி, சாயந்திரம் வரலாம் என்று நானும் திரும்பி நாலு அடி வைத்துவிட்டேன். அப்புறம்தான் உள்ளே மெஷின் சத்தம் காதில் விழுந்தது. திரும்பி வந்து, பாபின் தீரட்டும் என்று அந்த ஒரே வாசப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.